வீட்டுக்குள் வந்த நாய்க்குட்டி

1660ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11ஆம் நாள் இரவு இலண்டன் மாநகரின் தெருக்கள் யாவும் தீப்பிழம்புகளால் ஒளிபெற்றிருந்தன. அரசர் முதலாம் சார்ள்சின் தலையைக் கொய்த பின் பதினொரு ஆண்டுகளாக அரசரின்றி ஆளப்பட்ட நாட்டில், எஞ்சியிருந்த பாராளுமன்றத்தின் நாள்களும் எண்ணப்படலாயின என்ற செய்தி அன்று பரவிற்று. 'பின்சப்பை' என மக்கள் பழித்துப் பெயரிட்டிருந்த அப்பாராளுமன்றத்தை எள்ளும் பொருட்டு, நம் ஊர்ச் சொக்கப்பனை போலச் சந்திகள்தோறும் தீ மூட்டி, இறைச்சித் துண்டங்களை அதில் வாட்டி ஆரவாரித்தனர். இக்காட்சிகளை நேரிற் கண்டு, நாட்குறிப்பில் விரிவாக எழுதிவைத்தவர் சாமுவேல் பீப்ஸ் என்னும் எழுதுவினைஞர். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு.

அதே நாட்குறிப்பில் மறுநாளைய பதிவு வேறொரு போராட்டத்தைக் கூறுகின்றது. மனைவி எலிசபெத்துக்கு அவளுடைய சகோதரன் கரிய நாயொன்றைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அது வீட்டினுள்ளே மீண்டும் சிறுநீர் கழிக்குமாயின் அதைச் சாளரத்தின் வழியே வெளியில் எறிந்துவிடப்போவதாகப் பீப்ஸ் கூறினார். பத்தொன்பது வயதான எலிசபெத் இதைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. இருவருக்கும் இடையே கடுஞ்சொற்கள் பிறந்தன. நான்கு நாள்களுக்கு முன் அந்த நாய் வந்தபோது அது தமக்கு மிகவும் பிடித்திருந்ததாக எழுதியவரும் இதே பீப்ஸ்தான். நாலு நாட் பழக்கத்தில் புதிய வீடொன்றின் ஒழுங்கு முழுவதையும் அந்த நாய் அறிந்துகொள்ள வேண்டுமென அவர் எதிர்பார்த்தார் போலும்.

அரசுகளின் வீழ்ச்சியை விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்கும் சிறிய வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் மனிதன் நாயைத் தன் கூரையின்கீழ் அழைத்த நாள் முதல் இன்று வரை ஓயாத தொல்லை அது. நம் நாட்டுத் தமிழ்க் கிராமங்களில் இத்தொல்லை பெரிதாக எழாமைக்குக் காரணம் எளிது. நாயின் இடம் வளவு. அதன் எல்லை படலை. முற்றத்தில் படுத்து, குசினிப் புறத்தில் உண்டு, வேலிக்கு அப்பால் தன் கடனை முடித்துக்கொள்ளும் நாய்க்கு வீட்டொழுங்கு எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் நாயும் ஊரும் பிரியாதவை என்னும் எண்ணம் நம் தீவில் மிகப் பழையது. விசயனின் ஆட்கள் இத்தீவில் கரையேறியபோது நாயொன்றைக் கண்டு, ஊர் இருக்குமிடத்திலேதான் நாய் இருக்கும் என ஒருவன் எண்ணி அதைப் பின்தொடர்ந்ததாக மகாவம்சம் கூறுகின்றது. அந்த நாய் நாயன்று, உருமாறிய இயக்கி என்பது கதையின் பின்பகுதி.

பீப்ஸின் நாய் ஏன் அவ்வாறு செய்தது? இதற்கு விடை நாயின் பிறப்பிலேயே உள்ளது. பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, காதும் கேளாது. தானாக மலசலம் கழிக்கவும் அதனால் இயலாது. தாய் தன் நாவினால் நக்கித் தூண்டினாற்றான் கழியும். கழிந்ததைத் தாயே உண்டு படுக்கையைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும். மூன்றாவது வாரமளவில், தள்ளாடி நடக்கத் தொடங்கியதும், குட்டி தன் படுக்கையை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தலைப்படுகின்றது. எட்டு, ஒன்பது வாரமளவில் அதற்கெனச் சில இடங்களையும் தெரிந்துகொள்கின்றது. இதை எவரும் அதற்குக் கற்பிப்பதில்லை. குகையில் வாழ்ந்த ஓநாயிடமிருந்து வந்த முதுசம் இது. ஆகவே நாய் இயல்பிலேயே துப்புரவான விலங்கு. கருத்துவேறுபாடு எல்லையைப் பற்றியது. மனிதனுக்கு வீடு முழுவதும் வீடு. குட்டிக்கோ தான் படுக்கும் சாக்கும் அதைச் சுற்றிய சில முழ நிலமுமே வீடு. கூடத்தின் மறுகோடியில் விரித்திருக்கும் கம்பளம் அதன் கணிப்பிலே காடு. காட்டுக்குச் சென்று ஒழுங்காகத் தன் வேலையை முடித்துவிட்டு வரும் குட்டியைத்தான் வீட்டுக்காரர் பிடிவாதக்காரன் என்று திட்டுகின்றார்.

இந்தக் கருத்துவேறுபாடு தொடங்கிய காலத்தைத் தொட்டுக்காட்டும் சான்றொன்று ஜேர்மனியில் உண்டு. 1914ஆம் ஆண்டில், பொன் நகருக்கு அருகிலுள்ள ஒபெர்கசல் என்னுமிடத்துக் கற்குழியில் வேலைசெய்தோர் ஓர் ஆணினதும் ஒரு பெண்ணினதும் எலும்புகளைக் கண்டெடுத்தனர். அவற்றோடு ஒரு விலங்கின் எலும்புகளும் பற்களும் கிடந்தன. அவை நாயினுடையவை என்பது பல்லாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அக்கல்லறையின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். 2018இல் வெளியான ஆய்வொன்று அப்பற்களை நுணுகிப் பார்த்து வியத்தகு செய்தியொன்றைக் கூறிற்று. நாய் இறந்தபோது அதற்கு வயது ஏழு மாதமளவு. அதன் பல்லின் மேற்பூச்சிலே காணப்பட்ட குறைகள், ஐந்தாம் மாதமளவில் அது கொடிய நோயொன்றுக்கு ஆளானதைக் காட்டின. இன்று 'டிஸ்டெம்பர்' எனப்படும் நோயே அது என ஆய்வாளர் கருதுகின்றனர். பராமரிப்பு இல்லையேல் மூன்று வாரத்துள் உயிர் போயிருக்கும். அந்தக் குட்டியோ அதன்பின்னும் பல வாரங்கள் வாழ்ந்தது. வாந்தியும் கழிச்சலும் கொண்டு எழமாட்டாது கிடந்த குட்டிக்கு யாரோ சூடு கொடுத்திருக்க வேண்டும். நீர் பருக்கியிருக்க வேண்டும். அழுக்கைத் துடைத்தெடுத்திருக்க வேண்டும். வேட்டைக்கும் காவலுக்கும் அக்காலத்தில் அதனால் எள்ளளவு பயனும் இருந்திராது. நாய்க்குட்டியின் அசுத்தத்தை மனிதன் முகஞ்சுளியாது துடைத்ததற்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று இதுவாகலாம்.

எழுத்துக் காலத்துக்கு வந்தால், கிரேக்கரும் உரோமரும் நாய் வளர்ப்பைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். செனபோன் தம் வேட்டை நூலில் குட்டிகளுக்குச் சிறிய பெயர்களே இடவேண்டும், அப்போதுதான் கூப்பிடுதல் எளிது என்று கூறி, நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களைப் பட்டியலிட்டுள்ளார். உரோமரான கொலுமெல்லாவும் நெடும்பெயர் கூடாதென்கின்றார். ஆயினும் இவ்விருவரும் பேசுவது வேட்டைநாயையும் பண்ணை நாயையும் பற்றியே. வீட்டிற்குள் மனிதனோடு ஒரே படுக்கையில் உறங்கும் நாயைப் பற்றி அன்பொழுக எழுதியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான அரியன். அலெக்சாந்தரின் படையெடுப்பு வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற அதே அரியன், ஹோர்மே என்னும் தம் பெண் நாயைப் பற்றியும் சில பக்கங்கள் எழுதிவைத்தார். தனக்கு வேண்டியது யாதென்பதைப் பலவகைக் குரல்களால் அது தெரிவிக்குமாம். குட்டியாயிருந்தபோது அது சவுக்கடி பட்டதுண்டு. அதனால், பின்னாளில் எவரேனும் சவுக்கு என்ற சொல்லை உச்சரித்தாலே அவரிடம் ஓடிச் சென்று பணிந்து கிடந்து, பின் எழுந்து பாய்ந்து முத்தமிடுவது போல வாயோடு வாய் வைத்து, அவருடைய சினம் தணியும் வரை கழுத்தை விடாது தொங்குமாம். அரியன் இதை நாயின் அறிவுக்குச் சான்றாகவே எழுதினார். இன்றைய வாசகருக்கு இப்பகுதி வேறொன்றையும் சொல்கின்றது. சிறுவயதில் பட்ட அடி எதைக் கற்பித்ததோ தெரியாது; அடியைப் பற்றிய அச்சத்தை மட்டும் ஆயுள் முழுவதற்கும் கற்பித்துவிட்டது.

இடைக்கால ஐரோப்பாவிலே பெருங்குடி மக்களின் வேட்டைநாய்கள் தனி மனைகளில் வாழ்ந்தன. பிரான்சின் தென்பகுதியை ஆண்ட கஸ்தோன் ஃபெபூஸ் என்னும் கோமகன் 1387ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில், நாய்மனையின் தரை நிலத்திலிருந்து ஓரடி உயர்ந்திருக்க வேண்டும், வைக்கோலை அடிக்கடி மாற்ற வேண்டும், நாய்கள் விரும்பும்போது வெயிலுக்குச் செல்வதற்குப் பின்புற முற்றம் வேண்டும் என்றெல்லாம் விதித்தார். அந்நூலை ஆங்கிலத்தில் ஆக்கி விரித்தவர் யோர்க் கோமகன் எட்வேட். இவர் 1415இல் அசின்கூர்ப் போரில் மாண்டவர். மனையினுள்ளே ஆறு சிறு கற்களை நட்டு, நாய்கள் படுத்த வைக்கோலையே அவற்றின்மேற் சுற்றிவைத்தால் நாய்கள் அங்கு சென்று சிறுநீர் கழிக்கும் என அவர் எழுதினார். வடிகால் வெட்டுமாறும் கூறினார். தன் நாற்றம் உள்ள இடத்தையே நாய் மீண்டும் நாடும் என்ற உண்மையை ஆய்வுகூடம் எதுவுமின்றி அறிந்துகொண்ட இக்கோமக்களின் மதிநுட்பம் பாராட்டத்தக்கது.

ஆனால் அந்த நூல்களில் ஆசிரியத் தொழில் புரிவோர் எவரும் படித்துத் திடுக்கிடக்கூடிய பகுதியொன்று உண்டு. நாய்களைப் பேண ஏழு வயதளவான சிறுவனொருவனை அமர்த்த வேண்டும். அவன் நாய்கள் அனைத்தின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நாள்தோறும் மனையைக் கூட்ட வேண்டும். இரவிலே நாய்கள் சண்டையிடாதபடி யாரேனும் ஒரு பையன் அவற்றோடு படுத்துறங்க வேண்டும். எசமானின் கட்டளையில் தவற அஞ்சும்வரை அச்சிறுவனை அடிக்க வேண்டும் என்றும் ஃபெபூஸ் கூறத் தயங்கவில்லை. நாய்க்கு வைக்கோலும் வெயிலும், பையனுக்குப் பிரம்படி!

நாய் மனையிலிருந்து மாளிகைக்குள் வந்தபோது இவ்வொழுங்கு யாவும் குலைந்தது. பீப்ஸின் வீட்டில் சண்டை நடந்து மூன்று மாதங்களின் பின், மே 25ஆம் நாள், இரண்டாம் சார்ள்ஸ் அரசர் தோவர்த் துறையில் வந்திறங்கினார். கப்பலிலிருந்து கரைக்குச் சென்ற சிறு படகொன்றில் பீப்ஸும், அரசரின் ஏவலாளன் ஒருவனும், அரசருக்குப் பிரியமான நாயொன்றும் இருந்தனர். நாய் படகிலேயே மலங்கழித்துவிட்டது. எல்லோரும் சிரித்தனர். அரசரும் அரசரைச் சேர்ந்தனவும் ஏனையோரைப் போன்றவையே என்ற எண்ணம் அப்போது தமக்குத் தோன்றியதாகப் பீப்ஸ் குறித்துவைத்தார். பதினொரு ஆண்டு உள்நாட்டுக் குழப்பம் கற்பிக்காத பாடத்தை ஒரு நாய் அரைமணி நேரத்திற் கற்பித்தது என்று சொன்னால் அது மிகையாகுமோ? அவ்வரசர் இறந்த 1685ஆம் ஆண்டில், ஜோன் ஈவ்லின் என்னும் மற்றொரு நாட்குறிப்பாளர், அரசரின் படுக்கையறையிலேயே சிறு ஸ்பானியல் நாய்கள் குட்டி ஈன்று பாலூட்டி வந்தன என்றும், அதனால் அரசவை முழுவதும் நாறியது என்றும் எழுதினார். அரசரின் நாயை யார் அதட்டுவார்?

பீப்ஸின் வீட்டிலோ அதட்டுவதற்கு ஆளிருந்தது. 1660 நவம்பர் 6ஆம் நாள் இரவில், வீட்டை அசுத்தஞ் செய்ததற்காக நாயை நிலவறையில் அடைக்க வேண்டுமென அவர் பிடிவாதம் பிடித்தார். எலிசபெத் மறுத்தாள். தம் எண்ணமே நிறைவேற வேண்டுமென்று அவர் நின்றார், அவ்வாறே நிறைவேற்றினார். இருவரும் சண்டையோடே படுத்தனர். அன்றிரவு மனைவி இறந்துவிட்டதாகக் கனவு கண்டு உறக்கமின்றித் தவித்ததாக மறைக்காது எழுதியுள்ளார். எலிசபெத் உண்மையில் இறந்தது ஒன்பது ஆண்டுகளின் பின், 1669 நவம்பர் 10இல். அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பெப்ரவரி முதல் நவம்பர் வரை ஒன்பது மாதங்கள் கழிந்தும் அந்த வீட்டிலே நாய் பழகவில்லை என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன. பழக்கத் தெரிந்தவர் எவரும் இருக்கவில்லை என்று கூறுவதே நாய்க்குச் செய்யும் நீதியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாய் பழக்குதல் தனியொரு கலையாக வளர்ந்தது. ஆயினும் அக்கலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'உடைத்தல்' என்னும் பொருள்பட்டது. குதிரையின் முரட்டுத்தனத்தை உடைப்பது போல நாயின் மனவலியையும் உடைக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. 1848இல் ஹச்சின்சன் என்னும் படையதிகாரி எழுதிப் பலமுறை பதிப்பிக்கப்பெற்ற நூலின் தலைப்பிலும் இச்சொல்லே உள்ளது. ஆனால் அவர் கூறிய முறைகள் தலைப்பைவிட மென்மையானவை. அமெரிக்கரான ஹமண்ட் 1880களில் எழுதிய நூலிலே சொல்லையே மாற்றினார். உடைத்தல் வேறு, பயிற்றல் வேறு என்று காட்டி, அடியைக் கைவிட்டு உணவைப் பரிசாகக் கொடுத்துப் பழக்குமாறு வற்புறுத்தினார். அவர் குரலைச் செவிமடுத்தோர் அன்று சிலரே. அசுத்தம் செய்த இடத்துக்குக் குட்டியைப் பிடரியில் பிடித்து இழுத்துச் சென்று, அதன் மூக்கை அதிலேயே தேய்க்கும் வழக்கம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நின்று நிலவிற்று.

ஜேர்மன் காவற்படையைச் சேர்ந்த கொன்ராட் மொஸ்ட் 1910இல் வெளியிட்ட நூலிலே கடுமை நிறைய உண்டு. பிரம்பும் முள்வளையமும் அவருடைய கருவிகள். அவ்வாறிருந்தும் ஓர் உண்மையை அவர் தெளிவாகக் கண்டார். மனிதனின் நீதிநெறி நாய்க்கு விளங்காது. செயல் நிகழும் அந்தக் கணத்திலே கிடைக்கும் இன்பமோ துன்பமோதான் அதற்கு விளங்கும். கழித்தது காலையிலும் அடி மாலையிலுமாயின், மாலையில் வீடு திரும்பும் எசமானுக்கே நாய் அஞ்சும். அதே காலத்தில் உருசியாவில் பாவ்லோவ், உணவு வரும் அறிகுறி கண்டே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் கொண்டு, இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருவதால் உள்ளத்தில் எவ்வாறு பிணைப்புறுகின்றன என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். பின்னர் அமெரிக்காவில் ஸ்கின்னர், பயன் தரும் செயலையே விலங்கு மீண்டும் செய்யும் என்பதைப் பரிசோதனைகளால் நிறுவினார். அவருடைய மாணவரான கெல்லர் பிரிலாண்டும் மனைவி மரியனும் 1947இல் விலங்குகளைப் பழக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கிப் பல இன விலங்குகளைப் பழக்கினர். இத்தம்பதியர் 1961இல் எழுதிய கட்டுரை ஆசிரியரின் கொள்கைக்கே ஓர் எல்லை காட்டிற்று. காசை உண்டியலிற் போடப் பழக்கிய பன்றி, நாளடைவில் காசை மூக்கினால் கிண்டத் தொடங்கிற்று. உணவு கிடைக்கத் தாமதமானபோதும் கிண்டுதலை விடவில்லை. பிறவிக் குணம் பயிற்சியை மீறி எழுந்தது. பிடிவாதம் என்று நாம் சொல்வதன் ஒரு பகுதி இதுவே.

மறுபகுதியை விளக்கியவர்கள் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் என்னும் இருவர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் கடலோரப் பட்டினத்து ஆய்வுகூடத்தில் ஐந்து இன நாய்களை ஒரே முறையாக வளர்த்து, பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965இல் தம் நூலை வெளியிட்டனர். கழுத்தில் வார் பூட்டி நடக்கப் பழக்கியபோது ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடித்தது. ஆபிரிக்க இனமான பசெஞ்சி வாரோடு போராடியது, பீகிள் ஊளையிட்டது, ஷெட்லாண்ட் மேய்ப்பு நாய் பழக்குநரின் கால்களையே வாரினாற் சுற்றிவளைத்தது. பிறந்து மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரமளவு வரையுமே குட்டி மனிதரோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் என்பதும் அங்கே தெளிவாயிற்று. மனித வாடையே படாது உயர்ந்த வேலிக்குள் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப் போலவே மனிதனைக் கண்டு மிரண்டன. கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கிவந்த ஃபஃபன்பேகர் என்பவர் இம்முடிபைத் தம் தொழிலிற் பயன்படுத்தினார். அப்பருவத்தில் குட்டியை நாய்மனையில் விட்டுவைக்காது குடும்பங்களின் வீட்டிலே வளரவிட்டபோது, வேலைக்குத் தேறிய நாய்களின் தொகை உயர்ந்தது.

ஒரு கேள்வி எஞ்சுகின்றது. தவறு செய்த நாய் தலைகுனிந்து, காதை மடித்து, வாலை ஒடுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்ட எவரும், 'அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறது' என்று கூறுவது வழக்கம். பீப்ஸும் அவ்வாறு எண்ணியிருக்கலாம். நியூயோர்க்கில் அலெக்சாந்திரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட பரிசோதனையிலே பதினான்கு நாய்கள் பங்குபற்றின. எசமான் உண்ணக்கூடாதென்று விலக்கிய தின்பண்டத்தை, அவர் அறையை விட்டுச் சென்றபின், சில வேளைகளில் நாய் உண்டது. சில வேளைகளில் உண்ணவில்லை. திரும்பிவந்த எசமானிடம் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் கூறப்பட்டன. குற்றவாளியின் தோற்றம் குற்றத்தைப் பொறுத்து வரவில்லை; எசமானின் அதட்டலைப் பொறுத்தே வந்தது. குற்றமேதும் செய்யாது அதட்டப்பட்ட நாய்களிடம் அத்தோற்றம் மிகுதியாகவும் காணப்பட்டது. அரியனின் ஹோர்மே சவுக்கு என்ற சொல்லைக் கேட்டு ஓடிச்சென்று பணிந்ததும் இதுவே.

இன்று குட்டியைப் பழக்குவோர் கையாளும் முறை இவ்வளவு நீண்ட வரலாற்றுக்குச் சற்றும் பொருந்தாத அளவு எளிமையானது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடிந்ததும் குட்டியை ஒரே இடத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கு கழித்தவுடனே, வீட்டுக்குத் திரும்பிய பின்னன்று, அந்த இடத்திலேயே நல்ல சொல்லும் சிறிது தின்பண்டமும் கொடுக்க வேண்டும். கவனிக்க ஆளில்லாத வேளையில் அது தன் படுக்கை என்று ஏற்றுக்கொள்ளக்கூடிய சிறிய இடத்தில் வைத்திருக்க வேண்டும். உள்ளே தவறு நேர்ந்துவிட்டால் வாய்திறவாது துடைத்து, நாற்றம் எஞ்சாதபடி கழுவ வேண்டும். அம்மோனியா கலந்த நீர் ஆகாது, அதன் வாடை சிறுநீரை நினைவூட்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்குமேல் அடக்கிவைத்தல் அரிது. ஆகவே இரவிலும் ஒருவர் எழுந்து, மழையானாலும் பனியானாலும், அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் காத்து நிற்க வேண்டும். கஸ்தோன் ஃபெபூஸ் ஏழு வயதுப் பையனிடம் ஒப்படைத்த வேலை இப்போது வீட்டுக்காரரின் தலையில் விழுந்திருக்கின்றது.